இறங்காதவருக்கும் அனுமதி வேண்டும்

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. வெளியூர் என்பதற்கு அவரிடம் ஒரு கம்பெனிக் கணக்கு உண்டு. டூர் போன இடத்தில் இரவு தங்கினால்தான் அது வெளியூர். விடியற்காலையில் கிளம்பிச் சென்னையில் மீட்டிங்கை முடித்து, இரவு குவார்ட்டர்ஸில் வந்து படுத்துவிட்டால், அவர் நெய்வேலியை விட்டு நகரவே இல்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கை அவர் கடல் தாண்டியும் கொண்டுபோவார் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குக் கப்பல் ஆசையெல்லாம் கிடையாது. எனக்கு வேண்டியது திருகோணமலை. அங்கே என் சிநேகிதி இருக்கிறாள். குள்ளஞ்சாவடிப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அகதி முகாமிலிருந்து வருவாள். என்னை விட வேகமாக ஓடுவாள், என்னை விட மோசமாகக் கணக்குப் போடுவாள். ஒருநாள் பெற்றோரோடு இலங்கைக்குத் திரும்பிவிட்டாள். பிறகு கடிதங்கள், பிறகு அதுவும் இல்லை. போன வருஷம்தான் போன் மூலம் மறுபடி கிடைத்தாள். அவள் கணவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு அவளால் அரை நாளுக்கு மேல் எங்கேயும் நகர முடியாது. நான் விமானம் ஏறிப் போய் ஒரு வாரம் தங்குவதற்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆக, சென்னையில் கிளம்பித் திருகோணமலையில் ஒரு பகல் நின்று திரும்புகிற கப்பல் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, எங்கள் இருவருக்காகவே யாரோ அதை விட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், "சரி, வரேன். ஆனா நான் எங்கயும் எறங்க மாட்டேன். கப்பல்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருப்பேன்" என்றார். அதற்கே நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

கம்பெனி அனுமதியை மட்டும் அவர் சிரத்தையாக வாங்கினார். பொதுத்துறை வேலையில் இருப்பவர் சொந்தக் காரியமாக வெளிநாடு போவதென்றாலும் ஆபீஸ் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நாடு, எதற்கு, செலவு யாருடையது, அங்கே யாரைத் தொடர்புகொள்வது என்று அத்தனையும் எழுதி, கையெழுத்துக்கு மேல் கையெழுத்தாக அது மேலே ஏறிக் கீழே இறங்கியது. அந்தக் காகிதம் கைக்கு வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இனி எந்த ராஜாவும் தன்னைத் தடுக்க முடியாது என்கிற களை.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த மெயின் பஜார் டிராவல்ஸ்காரர், இலங்கைக்கு இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும், இரண்டு பேருக்கும் தனித்தனியாக, என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து எனக்கு எடுத்துவிட்டேன். இவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

"எனக்கு எதுக்கு? நான்தான் எறங்கலையே."

"எறங்காட்டியும் வேணுமாம். எல்லாருக்கும் கேக்குறாங்களாம்."

"அவனுங்களுக்கு என்னம்மா தெரியும். ராத்திரி எங்க படுக்கறோம்? கப்பல்ல. கப்பல் எங்க கெளம்புது? சென்னையில. எங்க திரும்புது? சென்னைக்கு. இலங்கையில ஒரு ராத்திரியாவது தங்கறோமா? அப்புறம் எப்படி அது வெளிநாடு?"

ஆபீஸில் டூர் பில் பார்க்கிறவரிடமும் கேட்டாராம். அவரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். டூர் பில்லுக்குச் சரிதான். இதைச் சொன்னால் என்னையே முறைக்கிறார். மேலும் அழுத்தினால், வேண்டாம் போ, நான் வரவேயில்லை என்று உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கிளம்புகிற நாள் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிகிறது, நான் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். பெட்டியை மூடுகிறேன், திறக்கிறேன். கம்பெனி பஸ் போகிற சத்தம் கேட்டால்கூடக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு ஓடினேன்.

சென்னைத் துறைமுகத்தில் கவுண்டரில் இருந்த பெண் என் காகிதங்களைப் பார்த்துச் சிரித்தாள். இவருடையதைப் பார்த்துப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.

"சார், இலங்கை அனுமதி?"

இவர் கம்பெனி காகிதத்தை எடுத்து, நான்கு மடிப்பையும் நீவி அவள் முன்னால் வைத்தார். அவள் அதைப் பொறுமையாகப் படித்தாள்.

"இது உங்க ஆபீஸ் குடுத்தது சார். அந்த நாடு குடுத்தது வேணும்."

"நான் எறங்கப் போறதில்லைம்மா."

"இறங்கலைன்னாலும் வேணும் சார். கப்பல் அவங்க துறைமுகத்துக்குள்ள நுழையும்போது உள்ள இருக்கிற எல்லாரோட பேரும் அவங்களுக்குப் போயிடும். ஒருத்தருக்கு இல்லைன்னாலும் எங்களால ஏத்த முடியாது."

"நாங்க ராத்திரி தங்கவே இல்லையே!"

அந்தப் பெண்ணுக்கு இது விளங்கவே இல்லை. இரவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடாயிருந்தால் ஒரு பாத்திரமாவது பறந்திருக்கும். படித்துப் படித்துச் சொன்னேனே! கல்யாணமான நாளாக இந்த மனுஷனின் ஷிஃப்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரே ஒரு பகல்தானே கேட்டேன்!

உடனே போனில் விண்ணப்பிக்கலாம், நேரத்துக்குள் வந்தால் ஏறலாம் என்றாள் அந்தப் பெண். ஓரமாக உட்கார்ந்து ஆரம்பித்தோம். குடும்பப் பெயர் கேட்டது. இவருக்கு இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்து அடித்தோம். தப்பாக அடித்து அழித்தார், மறுபடி அடித்தார். பெரிய பெரிய இயந்திரங்களை ஓட்டுகிற கை அது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். பெட்டிகள் எங்களைத் தாண்டி உருண்டு போயின. குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கவுண்டரை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். தனியாக நான் பக்கத்திலிருக்கிற விருத்தாசலத்துக்கு மேல் போனதில்லை. திரும்பி நெய்வேலிக்கே போய்விடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் என் பெட்டியைத் தூக்கிக் கவுண்டர் மேடையில் வைத்துவிட்டார்.

"நீ போ."

"நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன்?"

"போன்னா போ. அங்க அந்தப் பொண்ணு வந்து நின்னுகிட்டு இருக்கும்ல."

என் சிநேகிதியைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் போனில் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறவர். நான் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது, மடித்த கம்பெனி காகிதத்தைச் சட்டைப் பையில் திணிக்கத் தெரியாமல் திணித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேர் படுக்கிற அறையில் இரண்டு ராத்திரியும் நான் ஒருத்தி. கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. சாப்பாட்டு இடத்தில் பாட்டும் கூத்துமாக இருந்தது; எனக்குத் தயிர்ச்சாதம்கூட இறங்கவில்லை. மேல்தளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டே இருந்தேன். எதையோ தொலைத்துவிட்டீர்களா என்று ஒரு பணியாள் கேட்டுவிட்டான். திருகோணமலையில் ஏதாவது காகிதம் சரியில்லை என்று என்னையும் நிறுத்திவிட்டால்? அவள் வராவிட்டால்? வந்தும் எனக்கு அடையாளம் தெரியாவிட்டால்? போனில் பார்த்த முகம் வேறு, நேரில் பார்க்கிற முகம் வேறு. இத்தனையையும் யாரிடம் புலம்புவது? புலம்பினால் எரிந்து விழுவதற்காவது அவர் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

துறைமுகத்தில் அதிகாரி என் அனுமதியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் வெளிவாசலில் விட்டார்கள். வாசலில் வண்டிக்காரர்களும் கைடுகளும் மொய்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், குடையும் இல்லாமல் வெயிலில், ஒரு கனத்த பெண் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்தாள். அந்த ஓட்டத்தில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

கட்டிப்பிடித்துக்கொள்வோம் என்று நான் நினைத்துவைத்திருந்தேன். அவள் ஒரு கையால் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தாள், மறு கையால் போனைக் காதில் வைத்தாள்.

"பொறு, பொறு. முதல்ல இவருக்குச் சொல்லோணும்."

"யாருக்குடி?"

"உன்ர மனுசனுக்குத்தான். முந்தநாளும் கோல் எடுத்தவர், நேற்றும் எடுத்தவர், இண்டைக்குக் காலமையும் எடுத்தவர். கப்பல் வந்திட்டுதோ, அவ இறங்கிட்டாவோ எண்டு. அவ தனிய வாறா, பழக்கமில்லாத இடம், வாசலை விட்டு அசையாதேங்கோ எண்டு சொன்னவர். அவருக்கு அனுமதி கப்பல் வெளிக்கிட்டாப் பிறகுதான் வந்ததாம்."

அவள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. கம்பெனி விண்ணப்பத்தில் அங்கே யாரைத் தொடர்புகொள்வது என்ற இடத்தில் அவர் கையால்தான் எழுதியிருந்தார்.

மறுமுனையில் எடுத்துவிட்டார். "எறங்க விட்டாங்களா?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

அவள் போனை என் காதில் வைத்தாள். "விட்டாங்க" என்றேன். "நான் இங்கதான் நின்னுகினு இருக்கேன், இவ கைய புடிச்சிகினு." அந்த வாசலிலேயே இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். நெய்வேலியில் அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.