மூன்றாவது கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு செப்புக் காசு கிடக்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கும் மேற்பட்ட பைசாந்தியக் காசு. நடுவில் பெரிய ‘எம்’ எழுத்து. நாற்பது சிறுகாசுக்குச் சமம் என்பது பொருள். இடப்பக்கம் ‘ஆண்டு’ என்ற லத்தீன் சொல். வலப்பக்கம் வெறும் வழுவழுப்பு. தினமும் இரண்டு தரம் எடுத்துப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு வந்த தபாலதிபருடையது அது. மெதடிஸ்த தமிழர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். சனிக்கிழமைதோறும் கல்முனைக் கடைத்தெருவில் பழைய செம்பு, பித்தளை நிறுத்து வாங்கும் கடையில் குந்தியிருந்து சாக்குகளைக் கிளறுவார். ஏழு வருடத்தில் பதினொரு காசு சேர்த்தார். நான் கணக்குப் படிப்பித்தவன். எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால் எனக்குப் போதும். அப்படித்தான் அவருடன் சேர்ந்தேன்.

இந்தக் காசின் வலப்பக்கத்தில் அரசனின் ஆட்சியாண்டு இருந்தது. மேலே பத்தைக் குறிக்கும் பெருக்கல் அடையாளம், கீழே கோடுகள். பச்சைக் களிம்பு மூடியதால் பூதக்கண்ணாடிக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

“பதின்மூணு, மாஸ்டர்” என்றார்.

“பன்னிரண்டு, ஐயா. கண்ணுக்குத் தெரியாத கோட்ட எப்படி எண்ணுற?”

“உங்களிட்டப் படிக்கிற புள்ளையள் பாவம். அரை மார்க்கும் வாங்கேலா.”

களிம்பைச் சுரண்டினால் தெரிந்துவிடுமே என்றேன். பதறிப்போனார். “தொட்டுப்போடாதீங்க! எழுத்து கிடக்கிறதே அந்தக் களிம்பிலதான். செம்பு எப்பவோ அரிச்சுப் போயிற்று.”

எண்பதுகளின் நடுவில் தமிழருக்கும் முஸ்லிம்களாகிய எங்களுக்கும் இடையில் நிலைமை கெட்டது. அவர் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வழியில் பறிபோய்விடும் என்று பயந்து, காசுகளிருந்த பிஸ்கட் டின்னை என்னிடம் தந்தார். “நான் வாற வரைக்கும் எண்ணிக்கொண்டிருங்க” என்றார்.

எண்ணினேன். தினமும் பதினொன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் மனைவி வழக்கம்போல் வெற்றிலை வட்டாவையும் துப்புகிற படிக்கத்தையும் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கிள்ளு எடுத்து, இந்தக் காசின் வலப்பக்கத்தில் மட்டும் பெருவிரலால் மெல்லத் தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தெளிவாக மூன்று. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். மூன்றும், மேலேயிருந்த பெருக்கல் அடையாளமும் துணியோடு வந்துவிட்டன.

“இஞ்ச பாருங்க, புதுத் தேத்தண்ணிக் கேத்தல் மாதிரி மினுங்குது!” என்றாள் மனைவி. “மத்தப் பத்தையும் தாங்களேன்.”

தபாலதிபர் போய் எட்டு மாதம் கழித்து ஒரு வேனில் திரும்பி வந்தார். சாரதி எஞ்சினை நிறுத்தவில்லை. டின்னைத் திறந்து முதலில் இதைத்தான் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன்.

“பரவாயில்ல, மாஸ்டர்” என்றார். “பன்னிரண்டு எண்டே வைப்பம். நீங்க வெண்டுட்டீங்க.”

காசை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, பத்தோடு வேனில் ஏறினார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். எஞ்சின் இரைந்தது, தெருவில் ஆட்கள் பார்த்தார்கள் என்பதெல்லாம் சொல்லாததற்கு நான் தேடிக்கொண்ட சாட்டு. “ஓம், ஐயா” என்றுதான் சொன்னேன்.

அதன் பிறகு அவருக்கு நான்கு கடிதம் எழுதினேன். சுகம் விசாரித்தேன், மழையைப் பற்றி எழுதினேன். கோடுகளைப் பற்றி ஒன்றிலும் எழுதவில்லை. ஐந்தாவதற்கு உட்கார்ந்தபோது அவருடைய மகளின் கடிதம் வந்தது. அடக்கம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது.

காசு இப்போது மங்கிக் கறுத்துவிட்டது. பச்சை திரும்பவில்லை. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, அந்த வழுவழுப்பில் பெருவிரலை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்:

“பதின்மூணு, ஐயா.”