பார்ட்லியின் காது

நான்சா போனை எடுத்ததும் பார்ட்லி ரேடியோவை அணைத்துவிடுவான். சிங்கி இறால் கூட்டுக்கு வலை பின்னும் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காது மனைவியின் வாயில் இருக்கும். அயர்லாந்தின் ரோஸ்முக் படகுத்துறையில் எவனுக்கும், எந்தக் கடலுக்கும் பயப்படாத ஆள். பெண்டாட்டி ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் அது எவனோ என்று பயம்.

ஐரிஷ் மொழி இப்படிப்பட்டவனுக்குத் தோதானது. அவன், அவள், அவர்கள் என்று நாம் வாலில் காட்டுவதை அங்கே வெறும் ‘அ’ என்று முடித்துவிடுவார்கள். யார் என்பது அடுத்த சொல்லின் தலையில் தெரியும். படகு என்றால் ‘பாட்’. ‘அ வாட்’ அவன் படகு, ‘அ பாட்’ அவளுடையது, ‘அ மாட்’ அவர்களுடையது. அந்த ஓரெழுத்தை வைத்தே பார்ட்லி இத்தனை வருஷம் வீட்டைக் காவல் காத்தான்.

“‘வாட்’னு சொன்னியே, எவன் படகு?”

“உன் அண்ணன் படகுதான். போய் மோந்து பாரு.”

சென்ற வாரம் ஃபெஸ்டியின் மனைவி இறந்துபோனாள். கல்யாணத்துக்கு முன் நான்சாவோடு ஆடித் திரிந்தவன் ஃபெஸ்டி. முதுகுவலி என்று சொல்லி பார்ட்லி சாவுக்குப் போகவில்லை. திரும்பி வந்த நான்சா தங்கையிடம் போனில் சொன்னாள்:

“கல்லறை வரைக்கும் ‘அ லாவ்’ பிடிச்சுட்டே போனேன், மோனிக்கா.”

‘லாவ்’ என்றால் கை. ‘ல’வில் தொடங்கும் சொல் யாருக்காகவும் தலை மாறாது. அவன் கையா, அவள் கையா? இறந்தவளின் தாயும் அங்கே இருந்திருப்பாள். பின்னல் நின்றது.

“அவ ஒரே சில்லுனு இருந்தா” என்றாள் நான்சா. அவள்! பார்ட்லிக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. அந்த மொழியில் கை எப்போதும் பெண். எவ்வளவு பெரிய தடியனின் கையும் ‘அவள்’தான்.

அவள் போனை வைத்ததும் கேட்டான். “யார் கை?”

“ஃபெஸ்டி கை. பெட்டிக்குள்ள கெடந்தது அவன் பொண்டாட்டி. வேற யார் கையப் பிடிக்கச் சொல்ற?” அவள் குரல் உயரவில்லை. “ஊரே வந்து கை கொடுத்துச்சு. நீதான் வரல.”

மறுநாள் சவரம் செய்துகொண்டு, நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு, பார்ட்லி ஃபெஸ்டியின் கதவைத் தட்டினான். திறந்தவன் பாதி ஆளாக இளைத்திருந்தான்.

“உனக்கு வந்த கஷ்டத்துக்கு வருத்தப்படுறேன், ஃபெஸ்டி.”

ஃபெஸ்டி நீட்டிய வலது கையோடு அவன் இடது கையையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டான் பார்ட்லி. பெருவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து, ஃபெஸ்டியின் கல்யாண மோதிரம் இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.