நுரையாய்ப் போன இளவரசியும் ஒரு கட்டிச் சவர்க்காரமும்

வீரகத்தியின் வீட்டுக்கு வந்து சேராமல் போன அந்த ஒரு கட்டி வாசனைச் சவர்க்காரத்துக்குப் புனிதமலர்தான் பொறுப்பு. மூன்று வருடமாக வீரகத்தி இதை மனதுக்குள் பூட்டி வைத்திருந்தார். பூட்டி வைத்திருந்தார் என்று சொல்வதும் சரியில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னார், கேளாதவர்களின் சைக்கிளை மறித்துச் சொன்னார்.

பொருள்தடையால் வன்னிக்குச் சோப்பு வராத அந்த நாளில் சவர்க்காரம் சின்ன விசயமல்ல. புதுக்குடியிருப்புப் பக்கம் எல்லோரும் பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தார்கள். அப்படித் தோய்த்துக் கொடியில் போட்ட வீரகத்தியின் நல்ல சட்டையில் ஒரு கையை, வாசத்துக்கு வந்த மாடு மென்று தின்றுவிட்டது. மிச்சச் சட்டையை அவர் எறியவில்லை. வழக்குக்குச் சாட்சி வைத்திருப்பதுபோலப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கி உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அவர் உழவு மெசினில் முதலில் ஏற்றியது ஒரு ரீவி, கசெற் போடும் ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர். "விதைநெல்லை விட்டிட்டு உந்தப் பெட்டியளைக் கொண்டாறியளே" என்று மனைவி நாகேஸ்வரி அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறு பின்னேரங்களில் கொட்டில் வாசலைச் சாக்கால் மூடி இருட்டாக்கி, சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் படம் போடுவார். பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்டது ஒரே கசெற்றைத்தான். மீன்வால் வைத்த ஒரு கடல் இளவரசியைச் சித்திரமாய்க் கீறி ஆடவிட்டிருக்கும் இங்கிலீசுப் படம்.

மருந்துப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டுக் கயிற்றை இழுத்தால் ஜெனரேற்றர் பிடிக்கும். பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும். வீரகத்தி ஒதுக்குவது ஒரு போத்தல் எண்ணெய். படமோ அந்தப் போத்தலைவிடக் கால் மணித்தியாலம் நீளம். இளவரசி குரலைக் கொடுத்துக் கால் வாங்கிக் கரையேறி, இளவரசன் வேறொருத்தியைக் கட்டப் போகிற இடத்தில் எஞ்சின் இருமி நின்றுவிடும். நடுவிலிருந்து போடலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "விதைக்காமல் அரிவு வெட்டப் போறியளோ?"

அந்த இருட்டில்தான் புனிதமலர் வாயைத் திறப்பார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, சைக்கிளில் கருவாடு விற்றவர். முதல் ஞாயிறு விற்க வந்தவர், சாக்கை விலக்கி எட்டிப் பார்த்து, உள்ளே இருந்துவிட்டார். இளவயதில் கன்னியர் மடத்துக் குசினியில் வேலை செய்தபோது, அங்கிருந்த வயதான வெள்ளைக்கார மதர் ஒருவர் இந்தக் கதைகளின் பழைய வடிவங்களையெல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தார். வெங்காயம் உரித்தபடி கேட்டது ஒன்றும் புனிதமலருக்கு மறக்கவில்லை.

"தவளையை இளவரசி கொஞ்சினவள் எண்டு ஆர் சொன்னது? ஜெர்மன்காரரின்ர பழங்கதையில அவள் அதைத் தூக்கிச் சுவரில அடிச்சவள். அடிச்ச பிறகுதான் அது இளவரசனாய் விழுந்தது."

பிள்ளைகள் கூச்சலிடுவார்கள்.

"கண்ணாடிச் சப்பாத்துக்காறியின்ர அக்காமாரைக் கேளுங்கோ. சப்பாத்துக்குள்ள அடக்க ஒருத்தி கால் பெருவிரலை வெட்டினவள், மற்றவள் குதியை வெட்டினவள். சீனாவில அதைவிடப் பழைய கதை. அங்க அவளுக்கு உதவினது தேவதை இல்லை, ஒரு மீன். சித்திக்காறி அதைப் பிடிச்சுச் சமைச்சுத் திண்டிட்டாள்."

"என்ன மீன், புனிதக்கா?" வெளியே எஞ்சினடியில் நின்ற வீரகத்தி கேட்பார்.

"உமக்கென்ன, வாங்கவோ போறீர்?"

கடல் இளவரசிக்கு மட்டும் அவர் குரல் இறங்கும். இளவரசன் மற்றவளைக் கட்டினான். அதனால் இவள் சாகவேண்டும்; அவனைக் கத்தியால் குத்தினால் மட்டும் தப்பலாம். குத்தவில்லை. கத்தியை எறிந்துவிட்டுக் கடலில் பாய்ந்தாள், நுரையாய்ப் போனாள். பிறகு காற்றோடு காற்றாய் எழும்பினாள். "கரையில நுரை ஒதுங்கிறதைப் பாத்திருக்கிறியள்தானே?" என்று கேட்டு நிறுத்துவார்.

தொண்ணூற்றெட்டில் சனசமூக நிலையத்தில் சிறுவர் பொது அறிவுப் போட்டி நடந்தது. முதற்பரிசு அந்தச் சவர்க்காரம். கடைசிக் கேள்விவரை வீரகத்தியின் மகள் கௌசலாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துசியந்தனும் சமம். கேள்வியைக் கேட்டதும் வீரகத்தி எழும்பியே நின்றுவிட்டார்: அந்தப் படத்தில் கடல் இளவரசி கடைசியில் என்ன ஆனாள்?

"நுரையாய்ப் போனாள்," என்றாள் கௌசலா.

"பிழை," என்றார் வாத்தியார்.

"கலியாணம் கட்டினாள்," என்றான் யாழ்ப்பாணத்தில் படம் முழுக்கப் பார்த்திருந்த துசியந்தன். சவர்க்காரம் அவனுக்குப் போனது.

வீரகத்தி அன்றைக்கே புனிதமலரின் கொட்டிலுக்குப் போனார். "என்ர பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கிறியள்!"

"படம் பொய், தம்பி. கதை மெய்."

"மெய்யை வைச்சு முதுகு தேய்க்கேலுமோ?"

"உம்மட ஜெனரேற்றருக்கு இன்னும் கால் போத்தில் விட்டிருந்தால் பிள்ளை முடிவைப் பாத்திருக்கும். பிழை ஆரில?"

வீரகத்தி வீட்டுக்குப் போய்க் கசெற்றைப் பூட்டி வைத்தார். பிள்ளைகள் கெஞ்சினாலும் போடவில்லை. புனிதமலரோடு பேச்சும் இல்லை. நாகேஸ்வரி அவரிடம் வாங்கிய கருவாட்டைச் சாப்பிட மட்டும் செய்தார்.

இரண்டாயிரத்தொன்றில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை புனிதமலர் வந்தார். கௌசலாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இரண்டு கண்ணிலும் வெண்படலம். படலத்தை வெட்டி எடுக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக, வன்னியை விட்டு வெளியேறும் பாஸ் கிடைத்திருந்தது. அங்கிருந்து மன்னாரில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவார். கையில் ஒரு போத்தல். சவர்க்காரம் இல்லை என்பதை வீரகத்தி கவனித்தார்.

"என்ர பங்கு எண்ணெய். உந்தப் படத்தைப் போடும். ஒருநாளும் முடிவு பாக்கேல்லை."

"கண் தெரியாமல் என்னத்தைப் பாக்கிறது?"

"நீர் பாத்துச் சொல்லும்."

அப்போதுதான் வீரகத்திக்கு உறைத்தது: எத்தனையோ தரம் போட்ட படத்தைத் தானும் உள்ளே இருந்து பார்த்ததில்லை. கசெற்றைக் கையால் முடிவுப் பக்கமாகச் சுற்றினார். விதைக்காமல் அரிவு வெட்டுகிறார் என்று நாகேஸ்வரி குசினிக்குள் நின்று சிரித்தார். எஞ்சின் பிடித்தது. வீரகத்தி முதன்முறையாகப் பாயில் இருந்தார்.

"என்ன நடக்குது?"

"கடல் கொந்தளிக்குது. பெரிய சண்டை." கொஞ்சம் பொறுத்து, "கப்பல். பெட்டைக்கு வெள்ளை உடுப்பு." அவர் ரீவிக்குக் கிட்ட நகர்ந்தார். "கலியாணம்தான், புனிதக்கா. தேப்பன் கடல்ராசாவும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்."

புனிதமலர் பாட்டு முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப வாத்தியார் படத்துக்குச் சரி. நல்லாய்த்தான் இருக்கு. ஆனாலும் வெறும் கலியாணம்."

"நானும் அதைத்தான் நினைச்சன்," என்று வீரகத்தி சொன்னார். சொன்ன பிறகுதான், தன் வழக்கைத் தானே தோற்றுவிட்டது விளங்கியது. போத்தலில் பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார், புனிதமலர் வாங்கவில்லை.

வாசலில் கௌசலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஞாயிற்றுக்கிழமை பெடியளுக்கு இதைப் போடும். ஒரு போத்திலுக்கு மேல விடாதையும். எஞ்சின் நிண்ட உடன நீர் உள்ள வந்து, என்ர முடிவைச் சொல்லும். நுரை எண்ட இடத்தில அவசரப்படாதையும்."