எதிர்வூட்டில் குந்திய புள்ளி

சென்ற மாதம் ஒரு காலையில், இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில், என் கைப்பேசிக்கு m;kkh என்று ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். அதன் கீழே இன்னும் பத்துப் பதினைந்து வரிகள், எல்லாம் இதே ரகம். ஆங்கில எழுத்தையும் அரைப்புள்ளியையும் கல்லில் போட்டு யாரோ கொத்து பரோட்டா கொத்தியிருந்தார்கள்.

"தொடாதீங்க. அடுத்து ஓடிபி கேப்பான்" என்றாள் மனைவி. தொழில்நுட்பத்தில் அவளுக்கு இருப்பது ஒரே கொள்கை, எதையும் தொடாதே என்பது. எனக்குக் கருத்துகள் நிறைய உண்டு, கொள்கை எதுவும் கிடையாது.

அடுத்த செய்தி நல்ல தமிழில் வந்தது. "அங்கிள், நான் புஷ்பா பொண்ணு கவிதா, பெருங்களத்தூர். அம்மா போன்ல உங்க நம்பர் 'கம்ப்யூட்டர் தம்பி'ன்னு இருக்கு. மேல அனுப்பினது என்னன்னு புரியுதா?"

அரை நூற்றாண்டைத் தாண்டியவனைத் தம்பி என்று பதிந்து வைத்திருக்க இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை, முன்பு ஒரே கடையில் என்னோடு வேலை பார்த்த புஷ்பா அக்காவுக்கு. உடனே கூப்பிட்டேன். கவிதா சொன்னது இது. புஷ்பா அக்காவுக்கு மூன்று மாதம் முன்பு பக்கவாதம். வலது கை வரவில்லை, பேச்சும் வரவில்லை. வீட்டை ஒழிக்கும்போது பழைய சிடிகளைக் குப்பையில் போடப் போயிருக்கிறாள். அக்கா அதில் ஒன்றை மட்டும் இடது கையால் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டார்.

"அதைக் காட்டிக் காட்டி ஏதோ கேக்குறாங்க அங்கிள். என்ன கேக்குறாங்கன்னுதான் புரியல. அம்மா தூங்கும்போது எடுத்துட்டுப்போய் ஜெராக்ஸ் கடையில போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு ஃபைல்தான் திறந்துச்சு. அதுவும் இப்படி."

இப்படி என்றால் எப்படி என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் தமிழ் கம்ப்யூட்டருக்குள் இப்படித்தான் குடியிருந்தது. வெளியே தமிழ் முகம், உள்ளே ஆங்கில உடம்பு. m தட்டினால் அ வரும். k தட்டினால் ம. அரைப்புள்ளி தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி. h தட்டினால் கால். முகமாக இருந்து காட்டும் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் 'அம்மா' என்று தெரியும். இல்லாவிட்டால் கொத்து பரோட்டா. கடைக்குக் கடை எழுத்துரு வேறு. கிழக்குத் தாம்பரத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகை, மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரம் வருவதற்குள் தமிழை மறந்துவிடும். பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நமக்குத் தெரிந்த வித்தைதானே என்று காகிதம் எடுத்து மாற்றத் தொடங்கினேன். முதல் சொல்லிலேயே சறுக்கியது. m, அ. அரைப்புள்ளி, புள்ளி. அப்புறம் இரண்டு k, ஒரு h. அதாவது 'அ்மமா'. அகரத்தின் தலையில் புள்ளி! தொல்காப்பியர் கேட்டால் சும்மா விடுவாரா? என் மூளையில்தான் துரு ஏறிவிட்டது என்று இணையத்தில் ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டேன். அதுவும் கூசாமல் 'அ்மமா' என்றது. பக்கம் முழுக்க ஒவ்வொரு புள்ளியும் ஒரு எழுத்து தள்ளி உட்கார்ந்திருந்தது. மதியம் வரை குழம்பினேன். சாப்பாட்டுக்குப் பிறகு மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாணிக்கத்தின் குரல் காதில் கேட்டது.

மாணிக்கம் யார் என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் கடைக்குள் உங்களை அழைத்துப் போக வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். விளையாட்டில்லை, அப்போது எல்லாக் கம்ப்யூட்டர் அறைக்கும் அதுதான் சட்டம். உள்ளே ஏசி, திரைச்சீலை, பத்து ஜோடி காலுறைகளின் வாசனை. செருப்புக்கும் வைரஸுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக நான் உண்மையிலேயே நம்பினேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை, இரண்டே கம்ப்யூட்டர். முதலாளி ஸ்டீபன் அண்ணன். எல்லாரும் அவருக்கு மச்சான், வேலைக்காரனான நானும். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிவந்து தானே பூட்டிய யந்திரங்களுக்கு அவர் கடைசி வரை மூடி போடவில்லை. பக்கவாட்டில் வயிற்றைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டிருப்பார்.

"மூடி போட்டா மூச்சு முட்டும் மச்சான். கம்பெனிக்காரன் மூடி வைக்கிறானே, ஏன்? உள்ள ஒண்ணும் இல்ல, அதான்."

இப்படி அவரிடம் நூறு கருத்து. பெரிய மானிட்டர் வாங்குபவன் கண்ணாடி போடச் சோம்பேறி. புது மென்பொருள் என்பது பழைய மென்பொருள் தின்று கொழுத்தது. இதை எழுதும் என் மடிக்கணினி, அந்த இரண்டு யந்திரத்தையும் நூறு முறை விழுங்கும் அளவு நினைவகம் கொண்டது. அது இப்போது 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதே' என்று எனக்கு உத்தரவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணன் சொன்னதில் பாதியாவது சரியாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

புஷ்பா அக்கா அங்கே எனக்கு ஆறு மாதம் பின்னால் வந்தார். தட்டச்சு நிலையத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் கிரேடு தேறியவர். நிலையத்தை மூடிவிட்டார்கள், கவிதா அப்போது பால்வாடி. திரையைப் பார்க்காமல், விரலைப் பார்க்காமல், ஜன்னல் வழியாக ரயிலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அடித்து முடித்துத் திரையைப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இடத்தில் இருக்காது.

காரணம் எளிது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியைத்தான் முதலில் அடிக்க வேண்டும். புள்ளி அடித்தால் காகிதம் நகராது. அது நின்று காத்திருக்கும், அப்புறம் எழுத்து வந்து அதன் கீழே உட்காரும். கம்ப்யூட்டரில் நேர் எதிர். எழுத்து முதலில், புள்ளி பிறகு. அக்காவின் வலது சுண்டுவிரல் பதினைந்து வருடமாக முந்திக்கொண்டே பழகிவிட்டது. பத்து நாள் முயன்றார். பதினோராம் நாள் பையை எடுத்துக்கொண்டு, "நான் நின்னுக்கறேன் சார். என் விரல் கேக்க மாட்டேங்குது" என்றார்.

ஸ்டீபன் அண்ணன் என்னிடம் திரும்பினார். "பதினஞ்சு வருஷம் பழகின விரலை மாத்துறதா, அரை மணி நேரத்துல ஒரு புள்ளிய நகத்துறதா? எது எஃபிஷியன்ட்டு, சொல்லு மச்சான்."

கேள்வியே எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் என்றவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார் என்பதும், என்ன செய்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அக்கா திரும்பி வந்தார், ரயிலைப் பார்த்துக்கொண்டு அடித்தார், புள்ளியெல்லாம் இடத்தில் இருந்தது. பழகிக்கொண்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மாணிக்கம். அவர்தான் கட்டடத்துச் சொந்தக்காரர். மாடி நின்ற இடத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது என்பதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவார். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்து உட்கார்ந்தார். அக்கா அன்று விடுப்பு. என் யந்திரம் மக்கர். சரி என்று அக்காவின் யந்திரத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் அடித்தேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னாபா இது? புள்ளிங்கலாம் எதிர்வூட்ல போய்க் குந்திக்கினு கீது?"

நிமிர்ந்தேன். 'அன்புடன்' என்பதில் ன மொட்டையாக நின்றது, அதன் புள்ளி பு மேல் ஏறியிருந்தது. 'திருமணம்' முடிந்து புள்ளி வெட்டவெளியில் தொங்கியது. அழித்து மறுபடி அடித்தேன். அதே. யந்திரத்தை அணைத்துப் போட்டேன். அதே. அப்போதுதான் உறைத்தது, அவசரத்தில் செருப்போடு வந்திருக்கிறேன். வைரஸ்!

"பேஜாரா கீதேபா. கல்யாணம் பொண்ணுக்கா, புள்ளிக்கா?" என்றார் மாணிக்கம்.

செருப்பைக் கழற்ற வாசலுக்கு ஓடியவன் மேல், டீ குடித்துவிட்டு வந்த ஸ்டீபன் அண்ணன் மோதினார். திரையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது அக்கா எழுத்து மச்சான். உன் விரலுக்கு உட்காராது."

எழுத்துருவைத் திறந்து, அதன் புள்ளியை மட்டும் வலப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார். முந்தி வரும் புள்ளி, பின்னால் வரும் எழுத்தின் தலையில் விழும். ஒரே ஒருத்தரின் சுண்டுவிரலுக்காக ஒரு எழுத்துரு. வேறு யார் தொட்டாலும் எதிர்வூடுதான்.

மோர் டம்ளரை வைத்துவிட்டுக் கவிதா அனுப்பியதை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளியாகக் கையைப் பிடித்து அடுத்த எழுத்துக்கு அழைத்துப்போனேன். சாயங்காலத்துக்குள் பக்கம் பேசிவிட்டது.

'அம்மா. அப்பா. அக்கா. தங்கச்சி. ஸ்டீபன் சார் அவர்களுக்கு, பத்துத் தரம் அடித்துப் பார்த்துவிட்டேன். புள்ளி சரியாக விழுகிறது. நாளை முதல் வேலைக்கு வருகிறேன். ஒரு சந்தேகம். நாளைக்கு வேறு கடைக்குப் போனால் இந்த எழுத்து அங்கே இருக்குமா?'

மீதி வரிகள் திரும்பவும் அம்மா, அப்பா, அக்கா, தங்கச்சி. அவ்வளவுதான். அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று அதில் இல்லை.

போனில் படித்தேன். "இவ்ளோதானா அங்கிள்?" என்றாள் கவிதா. இரவு அம்மாவிடம் அதைச் சொல்லிக் காட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை இல்லை என்று ஆட்டினாராம். சிடியைத் தட்டிக் காட்டினாராம், மறுபடியும்.

எனக்குச் சுருக்கென்றது. ஜெராக்ஸ் கடையில் திறந்தது ஒரு ஃபைல்தான். சிடியில் இருந்ததும் ஒன்றுதானா என்று நான் கேட்கவேயில்லை. ஒரு பகல் முழுக்கப் புள்ளி பொறுக்கிய மேதை!

இந்தக் காலத்து மடிக்கணினிகளில் சிடி போட வாய் கிடையாது. ஆனால் என் அலமாரியில், 'எப்போ தூக்கிப் போடப்போறீங்க' என்று மனைவி பொங்கலுக்குப் பொங்கல் கேட்கும் சாமான்களுக்கு நடுவில், தனியாக ஒரு சிடி டிரைவ் இருந்தது. அதைத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையிலிருந்து கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் ஊருக்குப் போகும் கூட்டத்தோடு தவழ்ந்து, பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் பாதி சிரித்தது. கையை நீட்டினேன். சற்று யோசித்துவிட்டு சிடியைக் கொடுத்தார்.

உள்ளே இரண்டு ஃபைல்கள். ஒன்று நான் மாற்றிய பக்கம். இன்னொன்று எழுத்துரு. அதற்கு ஸ்டீபன் அண்ணன் வைத்திருந்த பெயர், புஷ்பா.

கவிதாவின் மடிக்கணினியில் ஏற்றினேன். பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு புள்ளியும் தன் வீட்டில் இருந்தது. திரையை அக்கா பக்கம் திருப்பினேன். அவர் படிக்கவில்லை. இடது கையைத் தூக்கி விசைகளின் மேல் வைத்தார். விரல்கள் தானாக இடம் தேடிக்கொண்டன. சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாக அழுத்தினார்.

யளனகப.

தட்டச்சு நிலையத்தின் முதல் நாள், முதல் பாடம். மறுபடி யளனகப. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

பாடத்தின் மீதிப் பாதி வலது கையில் இருக்கிறது. புள்ளி, ட, ம, த, கால். நான் என் வலது கையை நீட்டி, பழக்கதோஷத்தில் ட அடித்துவிட்டுப் புள்ளியைத் தட்டினேன். புள்ளி வெட்டவெளியில் போய்த் தொங்கியது.

"ச்சு" என்றார் அக்கா.

"அம்மா!" என்றாள் கவிதா. நாக்கை அப்படிச் சப்புக்கொட்டி மூன்று மாதம் ஆகிறதாம்.

அழித்தேன். புள்ளியை முதலில் வைத்தேன். அது காத்திருந்தது. ட வந்து அதன் கீழே உட்கார்ந்தது. அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அவர் பாதி, நான் பாதியாக எட்டு வரி அடித்தோம். அவர் இவ்வளவு நாள் கேட்டது இதைத்தானா, இல்லை வேறு எதையாவதா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. கிளம்பும்போது சிடியை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தாம்பரத்தில் இறங்கிப் பார்த்தேன். அந்த மாடியில் கைப்பேசி உறை விற்கிறார்கள். எல்லாரும் செருப்போடுதான் ஏறுகிறார்கள். மாணிக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார் டிபன் கடையில் ஒருவர். ஸ்டீபன் அண்ணனிடம் அக்காவின் சந்தேகத்தைக் கேட்டுவிடலாம் என்று என்னிடமிருந்த பழைய எண்ணைக் கூப்பிட்டேன். அப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள்.

நேற்று கவிதாவிடமிருந்து செய்தி. "அம்மா இன்னிக்கும் கீபோர்டு கேட்டாங்க அங்கிள். அவங்க வலது பக்கம் நான் உக்காந்திருக்கேன். புள்ளி முதல்லயா, அப்புறமா?"

'முத' என்று ஆரம்பித்தேன். மீதியைக் கைப்பேசியே போட்டு, 'முதலில்' என்று நீட்டியது. புள்ளி கடைசியில் இருந்தது. அதை நான் அடிக்கவில்லை. யாருமே அடிக்கவில்லை.