கைப்பம்பிலிருந்து கழற்றிய வாஷர்

1. எங்கள் பிளாக்கின் பின்னால் இருந்த கைப்பம்புத் தண்ணீரை, நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். கைக்குழந்தைக்கு ஆகாத அளவு நைட்ரேட் இருந்தது.
2. கீழ்வீட்டு மாமியிடம் சொன்னேன். நம்பவில்லை.
3. மாமியின் பேத்திக்கு உதடு நீலமானது.
4. பம்பின் வாஷரைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

டெல்லியில் எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்களுக்குக் குழாய்த் தண்ணீர் என்றாலே இளக்காரம். குளோரின் வாசனை, டிகாக்ஷன் கெட்டுவிடும் என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் காப்பிக்கும் சமையலுக்கும் கைப்பம்பில்தான் அடித்தார்கள். பக்கத்திலேயே சாக்கடை நாலா ஓடியது. அது யாரையும் உறுத்தவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்ததே, போதாதா?

மாமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்குப் பவுடர் பால். மாமி பம்புத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து அதில் கரைப்பாள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அது சின்னக் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் செய்யும். முடிவு கையில் வந்த அன்றே போய்ச் சொன்னேன்.

“கொதிக்க வெச்ச ஜலத்துல ஏதுடி விஷம்? நாங்கள்லாம் குடிச்சுண்டுதானே இருக்கோம்?”

“பெரியவங்க தாங்குவாங்க மாமி, கொழந்தை தாங்காது. அதுக்கு மட்டும் கொழாத் தண்ணி ஊத்துங்க.”

“அந்த மருந்து நாத்தத்தையா? கல்யாணமாகாதவ எனக்குக் கொழந்தை வளர்க்கச் சொல்லித் தரா! ஜல்தி வரன் பாக்கச் சொல்லுடி ஒங்கம்மாவை.”

மகள் உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

டிசம்பர் வெயிலில் குழந்தையை வாசலில் கிடத்தியிருந்தபோது பார்த்தேன். இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா. உதடும் நகமும் சிலேட்டு நிறம்.

“குளிர்” என்றாள் மாமி.

கையைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. குளிரில் நீலம் பாய்ந்த கை அப்படி இருக்காது.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

“கண்ணு வைக்காதே. மேலே போ.”

மேலே போனேன். அப்பாவின் ஸ்பேனரோடு இறங்கி வந்தேன். எல்லோரும் பார்க்கப் பம்பின் தலையைத் திறந்து, தண்ணீரை மேலே இழுக்கும் தோல் வாஷரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டேன்.

“இவளுக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்து! போலீஸைக் கூப்பிடுங்கோ!” என்று மாமி கத்தினாள். ஜன்னல்கள் திறந்தன. ஒருவரும் இறங்கிவந்து குழந்தையைப் பார்க்கவில்லை.

நான் மகளிடம் சொன்னேன்: “பாட்டில்ல இருக்கறதைக் கொட்டு. டாக்டர்கிட்ட பம்புத் தண்ணின்னு சொல்லு.”

அவள் குழந்தையின் நகத்தை அமுக்கிப் பார்த்தாள். விட்டபின்னும் நீலம் மாறவில்லை. செருப்புகூடப் போடாமல் ஆட்டோவைத் தேடி ஓடினாள். மாமி என்னைச் சபித்துக்கொண்டே பின்னால் போனாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எந்தத் தண்ணீர் என்பதுதானாம். இதை மகள்தான் பிறகு மாடிப்படியில், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, என்னிடம் சொன்னாள். ஊசி போட்டார்கள். குழந்தைக்கு நிறம் திரும்பியது. மாமி பிளாக் முழுக்கச் சொன்னது வேறு: “திருஷ்டி கழிச்சோம், சரியாப் போச்சு.” யாருடைய திருஷ்டி என்றும் சொல்லியிருக்கிறாள்.

“ஏட்டி, ஊர்ப் பகைய வெலைக்கு வாங்கிட்டியே” என்றாள் என் அம்மா. வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுவாரமே பம்புக்கு யாரோ புது வாஷர் போட்டார்கள். குழந்தை பிழைத்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமி அதே தண்ணீரில்தான் காப்பி போடுகிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு கைக்குழந்தை வந்திருக்கிறது. பம்பில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.