பதினொரு பிரஷ்

மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்களே, முகூர்த்தம் நமக்காகப் பத்து நிமிஷம்கூடத் தள்ளிப் போகாது என்பது உங்களுக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வாசலில்

உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். வில்லாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பெரிய பெட்டியை இறக்கினேன். பிரஷ் பையை சீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆட்டோ போய்விட்டது. பதினொரு பிரஷ். எட்டு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. கண் ஓரத்தில் மை இழுக்க ஒன்றை நானே கத்தரித்து வைத்திருந்தேன். யாரையும் தொடக்கூட விட்டதில்லை. அங்கே நின்ற இன்னொரு ஆட்டோ டிரைவரிடம் போய்க் கத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எறங்கும்போது திரும்பிப் பாக்கணும்க்கா. அம்புட்டுப் பேரு பையையும் நாங்க பாத்துக்கிட்டிருந்தா வண்டிய யாரு ஓட்டுறது?"

மண்டபத்தில்

அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல். உசிலம்பட்டி வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன். அங்கே ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பிரஷ் முடி கொட்டியது. தூக்கிப் போட்டுவிட்டு விரலாலேயே போட ஆரம்பித்தேன். "ஆடாம இரு", "கண்ண மூடு", "பேசாத" என்று பொண்ணை அதட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். முரண்டு பிடிக்கிற மாடுகளோடு பழகியவள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அக்கா, ஒங்க கோவத்த எம் மூஞ்சியில பூசிறாதீங்க."

கோரிப்பாளையத்தில்

மூன்று வாரம், ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பையின் போட்டோவைக் காட்டி அலைந்தேன். கடைசியில் பையோடு போன அந்த ஷேர் ஆட்டோ டிரைவர் கிடைத்தார். "யாரு பைன்னு தெரியலக்கா, வீட்லதான் இருக்கு" என்று கோரிப்பாளையத்து வீட்டுக்கு வழி சொன்னார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன்.

அவர் மனைவி வீட்டிலேயே பன் சுட்டு விற்கிறவர். கன்னத்துக்குப் பவுடர் போடுகிற என் பிரஷால், பன் மேல் முட்டை தடவிக்கொண்டிருந்தார். "இது எதுக்குள்ளதுன்னு தெரியுமா?" என்றேன். குரல் தெருவரை கேட்டிருக்கும். அவர் உள்ளே போய் மீதிப் பத்தையும் எடுத்துவந்து நீட்டினார். கழுவி, துணியில் சுற்றி வைத்திருந்தார்.

வாங்கக் கையை நீட்டினேன். இந்த மூன்று வாரத்தில் ஆறு பொண்ணுகளுக்கு விரலாலேயே போட்டிருந்தேன். ஒருத்தியும் குறை சொல்லவில்லை. அது அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷமாக எதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. "எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க" என்று திரும்பினேன். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"மனசாரச் சொல்றீங்களா, கோவத்துல சொல்றீங்களாக்கா? கோவம்னா நாளைக்கே வந்து கேப்பீங்க."

கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் இன்றுவரை போய்க் கேட்கவில்லை.