யன்னலுக்குக் கீழே நின்ற கொச்சிக்கன்று

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு முதலில் வருவது சவுக்கார வாசம்தான்...

ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை கழுவினேன் என்று தெரியாது. அண்ணனுடைய சலம் பேக்கைத் தொட முதல் ஒரு தரம், தொட்ட பிறகு ஒரு தரம். வாவிப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் ஈரக்கை உடனே காய்ந்து தோல் வெடிக்கும்.

அண்ணன் தென்னையிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் சலம், அதுதான் மூத்திரம் போக ரியூப் போட்டு, நுனியில் பேக்கை மாட்டி, செட்டிபாளையத்துக்கு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கலியாணம் முடிக்காத மனுசன். அம்மா இல்லை. என் புருசன் கட்டாரில் வேலை. வேறு யார் பார்ப்பது?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வார்டில் நேர்ஸ் மிஸ் சொன்னதை எழுதாமல் மனதில் போட்டுக்கொண்டேன். பேக் எப்போதும் ஆளுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் நிலத்தில் முட்டக் கூடாது. ரியூப் மடியக் கூடாது. நிரம்பி வழியும் வரைக்கும் விடக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

எல்லாம் செய்தேன். தங்கச்சி ஒருத்தி அண்ணனுக்கு இதைச் செய்யும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் மிஸ் சொல்லித் தரவில்லை...

நான் வாசல் பக்கம் திருப்பிக்கொள்வேன். பேக்கில் உள்ளதை வாளிக்குள் விடும்போதும் சரி, ரியூப் போகும் இடத்தைக் கழுவும்போதும் சரி, முடிந்த மட்டும் கண் முற்றத்தில்தான். அண்ணன் சுவரைப் பார்ப்பார். அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்க மாட்டோம்.

கட்டிலோடு ஒட்டி யன்னல். பேணியில் தண்ணீர் வார்த்து அண்ணன் கைக்கு எட்ட வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். திரும்பி வந்தால் பேணி வெறுமையாக இருக்கும். எனக்குச் சந்தோசம்.

அந்த வருசம் சரியான வறட்சி. முற்றத்துக் கத்தரி, வெண்டி எல்லாம் கருகிப் போய்விட்டன. அண்ணனுடைய யன்னலுக்குக் கீழே தானாக முளைத்த கொச்சி மிளகாய்க் கன்று ஒன்று மட்டும் பச்சைப்பசேல் என்று நின்று காய்த்தது. பக்கத்து வளவுச் சின்னம்மா சம்பலுக்கு நாலு காய் பிடுங்க வந்துவிடுவார்.

"உங்கட கொச்சி மட்டும் எப்பிடிகா இப்பிடி நிக்கிது?" என்று கேட்டால், உள்ளே இருந்து அண்ணன், "கைராசி சின்னம்மா" என்பார். என் கைராசியைத்தான் சொல்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுகா ஒரு நாள் காலையில் பார்த்தால், பேக்கில் பிளேன்டீ நிறத்தில் கொஞ்சம்தான் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்ணனுக்குக் குளிர் காய்ச்சல், அடிவயிறு கல் மாதிரி. நானும் சின்னம்மாவும் ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ரியூப் அடைத்து, கிருமி பிடித்திருந்தது. பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்றார்கள்.

"அவர் தண்ணி குடிக்கிறவரா?" என்று மிஸ் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எட்டு ஒம்பது பேணி என்ட கையாலதான் குடுக்கிறன் மிஸ்."

"நீங்க குடுக்கிறீங்க தங்கச்சி. அவர் குடிக்கிறவரா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அண்ணனைக் கட்டிலில் கிடத்திவிட்டு யன்னலைத் திறந்தேன். கொச்சிக்கன்று தலை தொங்கி, இலை சுருண்டு நின்றது... நாங்கள் இல்லாத அந்த ஐந்து நாளில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் தண்ணியை யன்னலால் ஊற்றினீங்க என்று கேட்டேன். அண்ணன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"குடிச்சா அது நிரம்பும் புள்ள. நிரம்பினா நீதான் வரோணும். நீ மூஞ்சைத் திருப்பிக்கொண்டு செய்யிறதப் பார்க்க எனக்கு ஏலாது. அருவருப்புத்தானே... வேற என்ன?"

"அருவருப்பில்ல அண்ணன். உங்களுக்கு வெக்கமா இரிக்குமெண்டுதான் திருப்பினன்."

இரண்டு பேரும் அழுதோம். இதை இந்த முகநூலில் எழுத எனக்கு வெட்கம் இல்லை.

வேலியால் எட்டிப் பார்த்த சின்னம்மாவிடம், அண்ணன் யன்னலால் ஊற்றி ஊற்றித்தான் கன்று நின்றது என்றேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. இவ்வளவு நாளும் அந்தக் காயைத் தின்றவர் அல்லவா? அவன் என்னத்தை ஊற்றினான் என்று மெல்லக் கேட்டார்.

"குடிதண்ணிதான் சின்னம்மா" என்றார் அண்ணன். "மத்ததை ஊத்தியிருந்தா இன்னும் நல்லாக் காய்ச்சிரிக்கும்."

அன்றையிலிருந்து பேணி இரண்டு. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. கொச்சிக்கன்றுக்கு வேறாக ஊற்றித் தப்பவைத்தேன். கட்டிலில் இருந்துகொண்டு இருவரும் சேர்ந்து குடிப்போம். நான் முடிக்காவிட்டால் அவர் விடமாட்டார். பேக்கையும் நேரே பார்த்துத்தான் வெறுமையாக்குவேன். "இண்டைக்கு இளநி மாதிரி" என்பேன். "அப்ப உனக்கும் ஒரு பேணி" என்பார். என்ன கதை இது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எங்களுக்கு அது சிரிப்பு.

அதற்குப் பிறகு மூன்று வருசம் அண்ணன் இருந்தார். போய் இப்போது எட்டு மாதம்.

அப்போது ஒரு நிமிசம் குந்தியிருக்க நேரம் கிடைக்காதா என்று ஏங்கினேன். இப்போது நாள் முழுக்கக் குந்தியிருக்கிறேன். கை வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது. போன கிழமை கிளினிக்கில், தண்ணீர் குடிப்பது காணாது என்று எனக்கே ஏச்சு விழுந்தது. குடித்துவிட்டாயா என்று கேட்க ஆள் இல்லையே...

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்கள் தண்ணீரை வைத்துவிட்டுப் போகாதீங்க. குடித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் இருங்க.

இன்றைக்கும் கை பழக்கத்தில் இரண்டு பேணி வார்த்துவிட்டேன். ஒன்றைக் கட்டிலில் இருந்து குடித்தேன். மற்றதை யன்னலால் கொச்சிக்கன்றுக்கு ஊற்றினேன்.

சின்னம்மா வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து நாலு காய் பிடுங்கிக்கொண்டு போனார்.